கல்லுக்கு வளைந்து கொடுக்கும் டயர்

மூணாறுக்குப் பக்கத்தில் சூரியநெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து கொழுக்குமலைக்குப் போக வேண்டுமென்றால் ஜீப்தான் வழி. சூரியநெல்லி கேரளத்தில் இருக்கிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமோ தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காரணம், மேலே போகப் போகத் தார் கிடையாது. தலையணை அளவுக் கற்கள், அவற்றுக்கு நடுவே குழி, குழியில் மழைத் தண்ணீர், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். வண்டி நடக்கிற வேகத்தில் ஏறும். விடிவதற்கு முன்பே சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இந்த ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும்.

அந்த ஜீப்பில் போகும் வாய்ப்புக் கிடைத்தால் எல்லோரும் மலையைப் பார்ப்பார்கள். நீங்கள் இறங்கியதும் ஒரு நிமிடம் குனிந்து டயரைப் பாருங்கள். எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும், நான்கு சக்கரமும் சேர்ந்து சுழன்றாலும், பூமியைத் தொடுவது அந்த நான்கு டயர்கள்தான். மற்ற எல்லாம் அவற்றின் மேல் உட்கார்ந்து வருகின்றன.

இப்படிப்பட்ட பாதைக்கு எந்த டயர் நீடித்து உழைக்கும்? கடினமாக, இறுக்கமாக, கல் பட்டால் அசையாமல் நிற்கிற டயர் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். உண்மை நேர்மாறாக இருக்கிறது. கல்லோடு முட்டி நிற்கிற டயர் சீக்கிரம் உடையும். கல்லுக்கு வளைந்து கொடுத்துவிட்டு, அதைக் கடந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற டயர்தான் நீடிக்கும். எவ்வளவு வளையலாம், எங்கே வளையக் கூடாது என்பதில்தான் டயர் செய்கிறவர்களின் அறிவெல்லாம் இருக்கிறது.

இதற்குச் செவ்வாய்க் கோளிலேயே ஒரு சாட்சி உண்டு. 2012 ஆகஸ்டில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே இறங்கியது. அதற்கு ஆறு சக்கரங்கள். ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் விட்டம், அலுமினியத்தால் ஆனவை. ரப்பரும் காற்றும் அந்தக் குளிருக்கு ஒத்துவராது. எடையைக் குறைக்க வேண்டும் என்பதால் சக்கரத்தின் தகடு பல இடங்களில் 0.75 மில்லிமீட்டர் தடிமன்தான். 2013இல் அது அனுப்பிய படங்களைப் பார்த்த பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சக்கரத்தில் ஒடுக்கும் ஓட்டையும் விழுந்திருந்தன. நிலத்தில் ஆழமாகப் புதைந்து, கூர்முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கற்கள்தான் காரணம். உதிரிக் கல்லாக இருந்தால் சக்கரம் ஏறும்போது நகர்ந்துவிடும். புதைந்த கல் நகராது. சக்கரமும் வளையாது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். மெல்லிய தகடு கிழிந்தது.

அதன் பிறகு ஊர்தியை மென்மையான நிலம் இருக்கிற வழியாக ஓட்டினார்கள், சக்கரங்களைச் சுழற்றும் மென்பொருளையும் மாற்றினார்கள். 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்திக்குத் தகட்டின் தடிமனைக் கூட்டி, சக்கரத்தின் மேல் இருக்கும் வரிகளை 24இலிருந்து 48ஆக்கி, வரிகளின் வடிவத்தையும் மாற்றினார்கள். பூமியில் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்மிடம் ரப்பர் இருக்கிறது, காற்றும் இருக்கிறது.

காற்றிலிருந்தே தொடங்குவோம். சக்கரத்துக்குக் காற்று அடைத்த உறை போடலாம் என்று முதலில் யோசித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். அது 1840களில். அப்போது கார் இல்லை, சைக்கிளும் இன்றிருக்கிற மாதிரி இல்லை. அதனால் அந்த யோசனை மறந்தே போனது. 1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டி கெட்டி ரப்பர் சக்கரத்தில் தடதடவென்று குலுங்குவதைப் பார்த்து, காற்றடைத்த குழாயைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். இன்று உலகில் ஓடும் டயர்களின் கதை ஒரு சிறுவனின் வண்டியிலிருந்துதான் மறுபடி தொடங்கியது.

காற்று என்ன வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் சாமானும் ஏறிய ஒரு ஜீப்பின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம், ஒன்றுக்கு 500 கிலோ. காற்றுக்கடைப் பலகையில் 35 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை ஏறக்குறைய 2.5 கிலோ எடை எப்படி அழுத்துமோ அந்த அளவு அழுத்தம் அது. 500 கிலோவைத் தாங்க எத்தனை சதுர சென்டிமீட்டர் தரையில் படிய வேண்டும்? 500ஐ 2.5ஆல் வகுத்தால் 200. டயரின் அகலத்தில் 20 சென்டிமீட்டர் தரையில் படிகிறது என்றால், நீளத்தில் 10 சென்டிமீட்டர் படியும். அவ்வளவுதான். அத்தனை பெரிய வண்டியும் நான்கு சின்னச் செவ்வகங்களின் மேல் நிற்கிறது.

இப்போது காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1.25 கிலோதான். அதே 500 கிலோவைத் தாங்க 400 சதுர சென்டிமீட்டர் வேண்டும். டயரின் அகலம் பெரிதாக மாறாது. நீளம்தான் கூடும். 10 சென்டிமீட்டர் 20 ஆகிவிடும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மை அளவு இதிலிருந்து சற்று மாறும். ஆனாலும் படிகிற இடம் நன்றாக நீள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மணலில் இதன் பயன் பெரியது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மணலும் பாதி சுமையைத் தாங்கினால் போதும் என்பதால் வண்டி புதையாது. பாறையில் இன்னொரு பயன். காற்று நிறைந்த டயர் கல்லின் உச்சியில் ஒரே புள்ளியில் நிற்கும். காற்று குறைந்த டயர் கல்லைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்ளும். கூர்முனையின் குத்து பரவலாகப் பிரிந்துபோகும். ஐஸ்லாந்தில் பனியாறுகளின் மேல் ஜீப் ஓட்டுகிறவர்கள் 38 அங்குலம், 44 அங்குலம் விட்டமுள்ள பெரிய டயர்களைப் போட்டுக்கொண்டு, காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். வண்டி பனியில் அமிழாமல் மேலேயே மிதந்து போகும்.

அப்படியானால் எப்போதும் காற்றைக் குறைத்தே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். கூடாது. ஏன் என்பதற்கு ரப்பரைப் பற்றித் தெரிய வேண்டும்.

குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு ரப்பர் மரத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியும் முன்னே பால் வெட்டுகிறவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் இலைகள் வழியாக நீர் வெளியேறி மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் வடிவதும் குறையும். பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே வெள்ளைப் பால் சொட்டிச் சிரட்டையில் சேரும். அதில் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைபோட்டு உலர்த்தினால் ரப்பர் ஷீட். பல டயர்களின் பிறப்பிடம் இப்படியொரு தோட்டம்தான்.

ஆனால் அந்த ஷீட்டை அப்படியே டயராக்க முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். சாதாரணமாக அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் போடுகிறது. பாலங்கள் கொஞ்சமாக இருந்தால் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். கந்தகத்தை அளவுக்கு மீறிப் போட்டால் எபோனைட் என்ற கெட்டிப் பொருளாகிவிடும். அதில் மைப் பேனா செய்கிறார்கள். பேனாவுக்கு அது நல்லது, டயருக்கு ஆகாது.

டயர் ஏன் கறுப்பு? தொடக்க கால டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் கரித்தூளை ரப்பரில் கலந்து பார்த்தார்கள். டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது. இந்தக் கரித்துகள்கள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். அதைவிடச் சிறியவையும் உண்டு. ரப்பர்ச் சங்கிலிகள் இவற்றை இறுகப் பற்றிக்கொள்வதால் உரசலில் எளிதில் பெயர்ந்து வராது. வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போகாமலும் கரி தடுக்கிறது. கறுப்பு நிறம் டயருக்கு ஒரு கவசம்.

எனக்கு ரப்பரில் மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. ஒரு அகலமான ரப்பர் பேண்டை எடுங்கள். சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் தொடுங்கள். லேசான சூடு தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு தளர்த்தித் தொடுங்கள். இப்போது குளிரும். கண்ணுக்கு அருகே கொண்டுபோகாமல் செய்யுங்கள். தாறுமாறாகச் சுருண்டு கிடந்த சங்கிலிகள் இழுக்கும்போது ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன. நன்றாக இழுத்தால் சில இடங்களில் படிகம்போல் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அந்தச் சூடு அதன் அடையாளம்.

மலைப்பாதையில் இது எப்படி உதவுகிறது தெரியுமா? கூர்க்கல் ஒன்று டயரில் சின்னக் கீறல் போட்டுவிட்டது. வண்டி போகப் போகக் கீறலின் நுனி மிகவும் இழுபடும். அந்த நுனியில்தான் சங்கிலிகள் அடுக்கிக்கொண்டு படிகமாகி உறுதியாகின்றன. கீறல் மேலே பரவாமல் அங்கேயே தடைப்படுகிறது. யாரும் ஒட்டுப்போடாமலே ரப்பர் தன் காயத்தின் ஓரத்தைத் தானே கெட்டிப்படுத்திக்கொள்கிறது. மரத்திலிருந்து வரும் ரப்பருக்கு இந்தக் குணம் மிகுதி. கார் டயர்களில் அதிகம் கலக்கும் ஸ்டைரீன் வகைச் செயற்கை ரப்பருக்கு இது இல்லை. ஈரமான தார்ச் சாலையைப் பிடிப்பதிலும், தேய்மானத்தைத் தாங்குவதிலும் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆனால் கீறலைத் தடுக்கும் குணம் வேண்டும் என்பதால்தான் சுரங்கத்தில் பாறை சுமக்கும் ராட்சத லாரிகளுக்கும் விமானங்களுக்கும் டயர் செய்யும்போது பெரும்பங்கு இயற்கை ரப்பரைப் போடுகிறார்கள். கரடுமுரடான பாதைக்கான ஜீப் டயரில் இரண்டையும் கலப்பார்கள். கலவை விகிதம் ஒவ்வொரு கம்பெனியின் ரகசியம்.

ரப்பர் வளைந்து நிமிரும்போது நாம் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிவிடும். இப்போது காற்றுக் குறைந்த டயரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் நன்றாக மடங்கி நிமிர்கிறது. மலையில் நடக்கிற வேகத்தில் போகும்போது பரவாயில்லை. அதே டயர் தார்ச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் போனால்? ஜீப் டயர் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.3 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 435 சுற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஏழு தடவை மடங்கி நிமிர்கிறது. சேர்கிற சூடு வெளியேற நேரம் இல்லை. உள்ளே ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகும், டயர் வெடிக்கும். வளைவுகளில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவவும் கூடும். மலைக்காகக் காற்றை இறக்கியவர் தாரைத் தொட்டதும் திரும்ப அடித்துத்தான் ஆக வேண்டும். கைப்பம்போ மின்பம்போ வண்டியில் இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது என்பதை ஒரு கட்டாயமாகவே சொல்வேன்.

நூல் என்று நடுவில் சொன்னேன் அல்லவா? டயருக்குள் ரப்பர் மட்டும் இல்லை. உள்ளே நூல் இருக்கிறது. உண்மையில் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். ரப்பர் நூல்களை ஒட்டிப் பிடிக்கிறது, மூடிப் பாதுகாக்கிறது. டயர்க் கடைகளில் ‘நைலான் டயரா, ரேடியலா?’ என்று கேட்பார்கள். நைலான் டயர் என்று அவர்கள் சொல்வதில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். பழைய ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் இதைப் பார்க்கலாம். பக்கச்சுவரிலும் பல அடுக்கு இருப்பதால் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் மடங்கும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். தரையில் படும் பகுதிக்குக் கீழே மட்டும் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. பக்கம் நன்றாக வளையும், தரையில் படும் பகுதி நெளியாமல் தட்டையாகப் படியும். சூடும் தேய்மானமும் குறைவு.

இந்த நன்மையோடு ஒரு பலவீனமும் வந்து சேர்ந்தது. நன்றாக வளைய வேண்டும் என்று மெலிதாக்கிய அந்தப் பக்கச்சுவரைத்தான் கற்கள் தேடி வந்து கிழிக்கின்றன. தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டினாலும் நம்பி ஓட்ட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்குகிற இடம் அல்லவா? ஆகையால் கல்பாதைக்கு டயர் வாங்கும்போது முதலில் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் எத்தனை நூல் அடுக்கு என்று டயரிலேயே அச்சிட்டிருக்கும். சாதாரணக் கார் டயரில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. முரட்டுப் பாதைக்கென்று செய்த சில டயர்களில் மூன்று. அதோடு பக்கச்சுவரின் மேல்பகுதியிலும் ரப்பர்க் கட்டைகள் புடைத்து இருக்கும். அழகுக்காக என்று நினைக்க வேண்டாம். பாறை உரசும்போது முதல் அடியை அவை வாங்கிக்கொள்கின்றன.

நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பட்டனைத்தான். தரையில் படும் அந்த ரப்பர்க் கட்டைகளுக்குத்தான் பட்டன் என்று பெயர். பெரிய பெரிய பட்டனாக, நடுவில் அகலமான இடைவெளியோடு, பார்க்கவே பயமாக இருக்கும் டயர் சேற்றுக்கானது. எம்.டி. என்று இரண்டு எழுத்துப் போட்டிருக்கும். இடைவெளி ஏன் அவ்வளவு அகலம்? களிமண்ணில் செருப்போடு நடந்தால் அடியில் மண் அப்பிக்கொண்டு, பிறகு ஒவ்வோர் அடியும் வழுக்குமே, அதே நிலைதான் நெருக்கமான பட்டன் உள்ள டயருக்கும். இடைவெளி அகலமாக இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் சேறு தானாகவே வெளியே தெறித்துவிடும், பட்டன் மறுபடி புது மண்ணைக் கடித்துப் பிடிக்கும்.

தார்ச் சாலையில் இதே டயர் திண்டாடும். இடைவெளி அதிகம் என்றால் சாலையில் படும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன்கள் ஒவ்வொன்றும் அப்படியும் இப்படியும் அசைவதால் சீக்கிரம் தேயும். மழை பெய்த தாரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். ஓயாமல் ஓர் இரைச்சலும் வரும். ஏ.டி. என்று எழுத்துள்ள டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பட்டன் நடுத்தரம், இடைவெளியும் நடுத்தரம், தாரிலும் கல்லிலும் ஓரளவு நன்றாகவே போகும். எச்.டி. என்பது சாலைக்கானது. நகரத்துக்குள்ளேயே ஓடும் புது ஜீப்புகள் பலவற்றில் சேற்று டயரைப் போட்டிருப்பதை இப்போது நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. வண்டி தினமும் எங்கே ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கொழுக்குமலை மாதிரிப் பாதையே தொழிலாக ஓடுகிற வண்டிக்கும், வருடத்தில் சில நாள் மலையேறி மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகிற வண்டிக்கும் ஒரே டயர் பொருந்தாது. இரண்டாவது வண்டிக்கு நல்ல பக்கச்சுவர் உள்ள ஏ.டி. டயர் போதும். மழைச் சாலையில் சீக்கிரம் நிற்பதும் பாதுகாப்புதானே.

பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கூர்ந்து பார்த்தால் சில டயர்களில் அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கற்கள் அங்கே மாட்டிக்கொண்டால், வண்டி ஓட ஓட அவை உள்நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். அப்படி மாட்டாமல் தள்ளிவிடத்தான் அந்த மேடுகள். பள்ளத்தின் குறுக்கே வேறொரு மேடும் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கல்பாதைக்கு அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பக்கச்சுவரில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் உங்களுக்கு டயர்க் கடையில் மரியாதை கிடைக்கும். 235/75 ஆர் 15 என்று ஒரு டயரில் இருக்கிறது. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது சதவீதம். அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 176 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இன்னொரு டயர் 255/60 ஆர் 18. கணக்குப் போடுங்கள். அதன் பக்கச்சுவர் 153 மில்லிமீட்டர்தான். ரிம் பெரிதாகி, பார்க்க எடுப்பாக இருக்கிறது. ஆனால் கல்லில் ஏறும்போது வளைந்து கொடுக்க இடம் குறைந்துவிட்டது. காற்றை இறக்கினாலும் ரிம் கல்லில் இடிக்கும் ஆபத்து அதிகம். கல்பாதைக்குச் சின்ன ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் நல்லது. இதற்குப் பிறகு ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். 105 எஸ் என்று இருந்தால், அந்த டயர் 925 கிலோ வரை தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்று பொருள்.

ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24வது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் டயருக்கு வயதாகும். காற்றில் இருக்கும் சிறிதளவு ஓசோன், இழுபட்டு நிற்கிற ரப்பர்ச் சங்கிலிகளை வெட்டும். மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இதைத் தடுக்க மெழுகும் சில வேதிப்பொருள்களும் ரப்பரில் கலந்திருக்கும். அவை மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து ஒரு படலமாக நிற்கும். பழைய டயரின் பக்கம் பழுப்பேறித் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். அழுக்கென்று நினைத்துப் பெட்ரோல் போட்டுத் தேய்த்தால் அந்தக் காவலையே கழுவி எடுத்ததாகிவிடும். ஸ்டெப்னி டயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பட்டன் புதிதாகவே இருக்கும், வயது மட்டும் ஏறியிருக்கும். வீட்டில் வண்டி இருந்தால் அந்த நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்து அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள்.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டிக்கு இன்னொரு கண்டிப்பான விதி உண்டு. நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் பல ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுழல முடியும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் ஒரே எண்ணிக்கைச் சுற்றில் இரண்டும் வேறு வேறு தூரம் போக முயலும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் அந்த இழுபறி முழுவதும் கியர்ப்பெட்டிப் பற்களின் மேல் ஏறும். அதேபோல, கம்பெனி கொடுத்ததைவிட 10 சதவீதம் பெரிய டயரைப் போட்டால் வேகமானி காட்டுவதைவிட வண்டி 10 சதவீதம் வேகமாகப் போகும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும்.

இவ்வளவு கேட்ட பிறகு நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஜீப் வேண்டாம், சைக்கிள் போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின் டயரின் ஓரிடத்தில் சாக்பீஸ் தூளை நனைத்துக் கெட்டியாகப் பூசுங்கள். காற்று நன்றாக இருக்கட்டும். தரையில் ஒரு கறுப்புத் தாளை விரித்து, பூசிய இடம் சரியாகத் தாளின் மேல் படும்படி சைக்கிளை மெதுவாக இறக்கி, உருளாமல் பிடித்துக்கொண்டு, நண்பர் ஒருவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள். இறங்கியதும் சைக்கிளை நேராகத் தூக்கி எடுங்கள். தாளில் ஒரு நீள்வட்டம் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். பிறகு பாதிக் காற்றை இறக்கிவிட்டு, அதே நண்பரை வைத்து, வேறொரு தாளில் மறுபடி செய்யுங்கள். கட்டம் போட்ட தாளில் இரண்டையும் வரைந்து கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைக்கும். நீளம் எத்தனை பங்கு கூடியது, அகலம் எத்தனை பங்கு கூடியது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் உட்கார்ந்திருக்கும்போது பின் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை விழுகிறது என்று குளியலறை எடைக் கருவியைச் சக்கரத்தின் அடியில் வைத்துப் பார்த்து, அதைப் பரப்பால் வகுத்து, டயருக்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய என்ன என்பதையும் நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

சோதனை முடிந்ததும் காற்றை முழுவதும் அடித்துவிட்டே சைக்கிளை எடுங்கள். காற்றுக் குறைந்த டயரோடு ஒரு கல்லில் ஏறினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும்.